மறுப்பே சொல்லாத நிறுவனம்

கெட்ட முதலாளியிடம் மாட்டிக்கொண்டவன் எப்படியாவது பிழைத்துக்கொள்வான். திட்டு வாங்குவான், முதுகுக்குப் பின்னால் திருப்பித் திட்டுவான், பொறுக்க முடியாத ஒரு நாளில் சட்டையை உதறிக்கொண்டு கிளம்பியும் விடுவான். நல்லவர்களிடம், அதிலும் நல்லவர்களாக இருப்பதற்கென்றே பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தவர்களிடம் மாட்டிக்கொண்டவன் கதிதான் பாவம். பார்சல் கம்பெனிக் கிடங்கில் வேலை பார்த்த தராசுக்கு நேர்ந்தது அதுதான்.

தராசு என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. கிடங்குக்குள் வருகிற ஒவ்வொரு பெட்டியையும் மூட்டையையும் தூக்கி எடைமேடையில் வைத்து, எடையைக் குறித்து, மறுபடி தூக்கி பெல்ட்டில் விடுவது அவர் வேலை. பத்தொன்பது வருடம் தூக்கித் தூக்கி, மேடையில் வைப்பதற்கு முன்பே எடையைச் சொல்லிவிடுவார். வயது நாற்பத்து மூன்று. அவருக்கும் கல்யாணம் கூடிவரவில்லை, தங்கைக்கும் கூடிவரவில்லை. இரண்டு பேரும் இரண்டு அறை வீட்டில் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள். தங்கை அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். வீட்டிலும் அதே வேலைதான் செய்தாள்.

அந்த நிம்மதிக்குக் கண் பட்டதோ என்னவோ, தங்கையின் இரண்டு சிறுநீரகங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு கையை விரித்தன. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். குடிக்கிற தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும். கால் வீங்கி, செருப்பு நுழையாமல், அண்ணனுடைய பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தாள். ஒரு வருடம் இப்படி ஓடிய பிறகு ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் போனது. தராசின் சிறுநீரகம் அவளுக்குப் பொருந்தும் என்று பரிசோதனை சொன்னபோது, அந்த மனிதர் ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். இத்தனை வருட வாழ்க்கையில் தன்னிடம் இருந்த ஒன்று ஒருவருக்குத் தேவைப்பட்டது அதுதான் முதல் தடவை.

ஆபரேஷன் செய்ய வேண்டிய சர்ஜன் அம்மாவுக்குச் சிரிக்கத் தெரியும் என்று அந்த ஆஸ்பத்திரியில் யாரும் சாட்சி சொல்ல மாட்டார்கள். போன வருடம் ஒரு மூட்டை தூக்குகிறவர் சிறுநீரகம் கொடுத்துவிட்டு, வேலை போய்விடும் என்று பயந்து பத்தாம் நாளே மூட்டை தூக்கப் போனார். தையல் பிரிந்து திரும்பி வந்தார். அன்றிலிருந்து அந்தம்மா ஒரு விதி வைத்திருந்தார்.

"ஆறு வாரத்துக்கு ஒரு குடம் தண்ணிகூடத் தூக்கக் கூடாது. ஆறு வாரம் ஓய்வுன்னு உங்க கம்பெனி எழுதிக் குடுக்கணும். அந்தக் காகிதம் ஃபைலுக்கு வந்தாத்தான் நான் கத்தியைத் தொடுவேன்" என்றார். "இருபத்திரெண்டாம் தேதி, காலையில பதினோரு மணி. அதைத் தப்பவிட்டா அடுத்த தேதி நாலு மாசம் கழிச்சுத்தான். உங்க தங்கச்சிக்கு நாலு மாசம் கிடையாது."

தங்கையை வைத்துக்கொண்டேதான் இதைச் சொன்னார். வெளியே வந்ததும் தங்கை, "இந்தம்மா பரவாயில்ல, சுத்தி வளைக்கல" என்றாள். இருபத்திரண்டாம் தேதிக்கு ஏழு வாரம் இருந்தது. ஏழு வாரத்தில் ஒரு காகிதம் வாங்க முடியாதா என்று தராசு நினைத்தார். பாவம், சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே என்பது அப்போது அவருக்கு நினைவு வரவில்லை.

நிறுவனம் திருந்தி அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. மேலிடத்தில் இருந்தவர் எங்கேயோ பத்து நாள் தங்கிப் படித்துவிட்டு வந்து, அறம் நிறைந்த தலைமைதான் ஊழியர்களை மலரச் செய்யும் என்று அறிவித்தார். தலைவர் என்ற சொல்லிலேயே ஆணவம் இருக்கிறது, இனி என்னை முதல் சேவகர் என்று கூப்பிடுங்கள் என்றார். சேவகருக்கு மூன்று உதவியாளர்கள், ஒரு பெரிய கார், மூன்றாவது மாடி முழுக்க ஒரு அறை. சூப்பர்வைசர் என்ற பெயர் போய் 'உடன்நடப்பவர்' ஆனது. உடன்நடப்பவர் நாற்காலியை விட்டு எழுந்து யாரும் பார்த்ததில்லை. ஆள்சேர்ப்புப் பிரிவில் இருந்த அம்மாளுக்கு 'நலச்செவி' என்று பதவி.

இதெல்லாம் பெயரோடு போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. மூன்று சொற்களை நிறுவனத்துக்குள் யாரும் சொல்லவோ எழுதவோ கூடாது என்று விதி வந்தது. இல்லை, முடியாது, வேண்டாம். இவை மனித மனத்தை வாடச் செய்கின்றனவாம். 'அந்த மூன்று சொற்களைத் தவிர்ப்போம்' என்று வாசலில் பெரிய பலகை வைத்தார்கள். அந்தச் சொற்களைப் பலகையிலும் எழுதக் கூடாது என்பதால், புதிதாக வருகிறவர்கள் அவற்றைச் சொல்லி மாட்டிக்கொண்ட பிறகுதான் எவை என்று தெரிந்துகொண்டார்கள். கேன்டீனில் டீ தீர்ந்துபோனால் "டீ நாளைக்கு இருக்கிறது" என்றார்கள். வாசல் காவல்காரர் வெளியாட்களைத் தடுக்கும்போது "வெளியில காத்து நல்லா வருது, அங்கேயே நில்லுங்க" என்றார்.

தினமும் காலையில் சுவரில் இருந்த அட்டவணையில் ஒவ்வொருவரும் தன் மலர்ச்சியைக் குறிக்க வேண்டும். விதை, முளை, மொட்டு, பூ, கனி என்று ஐந்து படிகள். மொட்டுக்குக் கீழே குறித்தவரை மூன்று மணி நேரம் அன்பு வட்டத்தில் உட்கார வைப்பார்கள். அந்த மூன்று மணி நேரத்துப் பார்சலும் அப்படியே குவிந்து கிடக்கும், வட்டம் முடிந்து அதை ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக முடியும். ஆகவே அநேகமாக எல்லோரும் ஒரு நாள் தவறாமல் பூ என்றே குறித்தார்கள். இடுப்பு பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் வந்தவரும் குனிந்தபடியே பூ என்று குறித்தார். தொண்ணூற்றேழு சதவீதம் பூ என்று மேலிடத்தில் கொண்டாடினார்கள்.

தராசு தங்கையிடம் பிழை திருத்தி வாங்கிய விண்ணப்பத்தோடு முதலில் உடன்நடப்பவரிடம் போனார். அவர் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு எழுந்து நின்று தராசின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். உடன்நடப்பவரே எழுந்து நின்றதைப் பார்த்து கிடங்கே திரும்பிப் பார்த்தது.

"உங்களுக்கு லீவு தர நான் யாரு?" என்றார் அவர். "அனுமதின்னு சொன்னாலே நான் மேல, நீங்க கீழன்னு ஆயிடுது. போன மாசப் பயிற்சியில அதை விட்டுட்டோம்."

"சரிங்க. அப்ப நானே எடுத்துக்கலாமா?"

"உங்க மனசு சொல்றதைக் கேளுங்க."

"மனசு எடுத்துக்கன்னுதான் சொல்லுது. அதை நீங்க ஒரு காகிதத்துல எழுதிக் குடுத்தாப் போதும்."

எழுதினால் அது அனுமதியாகிவிடும் என்று வருத்தத்தோடு சொல்லி, அவர் நலச்செவியிடம் அனுப்பினார்.

நலச்செவி அம்மாள் உண்மையிலேயே கேட்டார். முதல் சந்திப்பில் ஒரு மணி நேரம், இரண்டாவதில் ஒன்றரை. தங்கையின் கால் வீக்கத்தைச் சொன்னபோது அவர் கண் கலங்கியது. நரம்பு கிடைக்காமல் நர்ஸ் நான்கு இடத்தில் குத்தியதைச் சொன்னபோது விம்மி விம்மி அழ ஆரம்பித்தார். தராசு ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, மின்விசிறியைக் கூட்டிவைத்து, ஒன்றும் ஆகாதுங்க, தங்கச்சி பிழைச்சுக்குவா என்று தேற்ற வேண்டியதாயிற்று. தன்னை இவ்வளவு நன்றாகத் தேற்றியதற்கு அந்தம்மா நன்றி சொல்லி அனுப்பினார். விண்ணப்பத்தைப் பற்றிய நினைவே தராசுக்கு கேட்டைத் தாண்டிய பிறகுதான் வந்தது. மூன்று வாரம் போயிருந்தது.

யாரோ சொன்ன யோசனையைக் கேட்டுத் தொழிலாளர் நல அலுவலகத்துக்குப் போனார். அங்கே இருந்த அதிகாரி நேர்மையானவர்தான். லீவு தர மறுத்துவிட்டார்களா என்று கேட்டார். மறுக்கவில்லை என்றார் தராசு. கொடுத்துவிட்டார்களா என்று கேட்டார். கொடுக்கவும் இல்லை என்றார். அப்படியானால் இன்னும் ஒன்றுமே நடக்கவில்லையே, நடக்காத ஒன்றுக்கு எப்படி நடவடிக்கை எடுப்பது என்றார் அதிகாரி. மறுத்து ஒரு வரி எழுதி வாங்கி வந்தால் மறுநாளே அந்த நிறுவனத்தின் வாசலில் நிற்பேன் என்று சத்தியம் செய்தார்.

ஆக, இப்போது தராசுக்கு வேண்டியது ஒரு மறுப்பு. அதைத் தேடி அவர் அலைந்ததுதான் பெரிய கொடுமை. கல்லில் நார் உரிப்பவன்கூட மாலையில் கை வலி என்றாவது சொல்லிக்கொள்ளலாம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் உடன்நடப்பவரை ரேக்குகளுக்குப் பின்னால் மடக்கி, காலில் விழாத குறையாகக் கெஞ்சினார்.

"ஒரே ஒரு தடவை முடியாதுன்னு எழுதிக் குடுத்துடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

உடன்நடப்பவர் இரண்டு பக்கமும் பார்த்தார். முகத்தில் இருந்த பயிற்சியெல்லாம் இறங்கி, பழைய சூப்பர்வைசர் ஒரு நிமிடம் எட்டிப் பார்த்தார். "எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க தராசு" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். "அந்த வார்த்தையை எழுதினா என்னை அனுப்பிடுவாங்க. என்னை இதுல இழுக்காதே." பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, உங்கள் விடாமுயற்சி எங்களுக்கெல்லாம் ஊக்கம் என்று உரக்கச் சொல்லிவிட்டு நகர்ந்தார். அந்த ஆள் மீது தராசுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வேறு வழி தெரியாமல் மறுநாள் காலை அட்டவணையில் தன் பெயருக்கு எதிரே விதை என்று குறித்தார். கவனிப்பார்களே என்று ஒரு நப்பாசை. கவனித்தார்கள். பதினைந்து பேரை வட்டமாக உட்கார வைத்து, ஒவ்வொருவரும் தராசிடம் பிடித்த ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றார்கள். மூன்று மணி நேரம் சொன்னார்கள். வெளியே பார்சல் மலையாகக் குவிந்தது. வட்டம் கலைந்ததும் லோடு ஏற்றுகிற நண்பர் அவர் காதருகே வந்து, "இன்னொரு தடவை விதைன்னு போட்டே, நானே உன்னைக் குழி தோண்டிப் புதைச்சிடுவேன்" என்றார். அந்த மாதத்தில் நிறுவனத்துக்குள் தராசு கேட்ட, பயம் கலக்காத ஒரே மனிதப் பேச்சு அதுதான்.

வட்டத்தில் நடந்தது எப்படியோ மூன்றாவது மாடிக்கு எட்டியது. முதல் சேவகரே கிடங்குக்கு இறங்கி வந்தார், போட்டோக்காரரோடு. தராசைக் கட்டிப்பிடித்தார். போட்டோ சரியாக விழவில்லை என்று மறுபடி கட்டிப்பிடித்தார். உடன்பிறந்தவளுக்கு உறுப்பைத் தருகிற ஒருவர் நம் கிடங்கிலா என்று கேட்டு, நமது தலைமைதான் அவரை இப்படி மலரச் செய்திருக்கிறது என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டார். ஒரு வாரத்தில் வாசலில் பத்தடி உயரத்துக்குத் தராசின் படம் எழுந்தது. 'கொடுப்பவர் மலர்கிறார்' என்று கீழே கொட்டை எழுத்து. தங்கை டயாலிசிஸ் முடிந்து பஸ்ஸில் வரும்போது அதைப் பார்த்தாள். "இன்னும் ஒண்ணுமே குடுக்கலியேண்ணா, அதுக்குள்ள எதுக்குப் படம்?" என்றாள்.

மற்றக் கிளைகளிலிருந்து ஆட்களை வரவழைத்து, ஈகையைப் பற்றித் தராசு பேச வேண்டும் என்று நான்கு கூட்டம் வைத்தார்கள். நான்கிலும் அவர் எழுந்து நின்று, "எனக்கு ஆறு வாரம் லீவு வேணும். ஒரு காகிதம் வேணும். அது வராட்டி என் தங்கச்சி செத்துப்போயிடுவா" என்பதைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. வந்தவர்கள் அதையும் நோட்டில் குறித்துக்கொண்டு கைதட்டினார்கள். தன் தியாகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாத அந்த அடக்கம் தங்களை உலுக்கிவிட்டது என்று கருத்துப் படிவத்தில் எழுதினார்கள். நான்காவது கூட்டம் முடிந்து தராசு கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சுவரில் தலையை மோதிக்கொண்டார். தங்கை அதற்குள் பாதி நேரம் படுக்கையில்தான் இருந்தாள். மூச்சு வாங்கியது. பிழை திருத்துவதைக்கூட நிறுத்திவிட்டாள். அவர் தப்புத் தப்பாகப் பேசினாலும் பேசாமல் படுத்திருந்தாள். அதுதான் அவருக்கு அதிகமாகப் பயத்தைக் கொடுத்தது.

இருபதாம் தேதி மூன்றாவது மாடி வாசலில் உட்கார்ந்துவிட்டார், காகிதம் வராமல் எழுந்திருப்பதில்லை என்று. மாலையில் உதவியாளர் ஒருவர் வந்து நல்ல செய்தி சொன்னார். முதல் சேவகரே தன் கையால் தரப்போகிறார். இருபத்திரண்டாம் தேதி காலை ஒன்பது மணிக்கு ஆண்டு விழா. மேடையில் வைத்து, எல்லோர் முன்னிலையிலும் தருவார்.

"அன்னிக்குத்தாங்க ஆபரேஷன்."

"தெரியும். அதனாலதான் அந்த நாளையே எடுத்தோம். ஆஸ்பத்திரி பத்து நிமிஷ தூரம். ஒம்பதரைக்கு அனுப்பிடுவோம்."

சர்ஜன் அம்மாவிடம் போய் இதைச் சொன்னபோது அவர் தராசை மேலும் கீழும் பார்த்தார். பத்து மணிக்குள் காகிதத்தோடு வந்து சேரவில்லை என்றால் தியேட்டரை வேறு நோயாளிக்குக் கொடுத்துவிடுவேன், இரண்டு பேர் பல்லிலும் முந்தின நாள் இரவிலிருந்து பச்சைத் தண்ணீர் படக் கூடாது என்றார். தங்கையை இருபத்தொன்றாம் தேதியே சேர்த்துக்கொண்டார்கள்.

இருபத்திரண்டாம் தேதி காலை எட்டே முக்காலுக்குத் தராசு வெறும் வயிற்றோடு விழா மண்டபத்தின் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். எழுநூறு பேர் கூடியிருந்தார்கள். எப்போது கைதட்ட வேண்டும் என்று காட்டுவதற்காக ஓரத்தில் ஒரு அம்மாள் மேடை மேல் ஏறி நின்றார். அவர் கையைத் தூக்கினால் மண்டபம் தட்டும், இறக்கினால் நிற்கும். ஒன்பதரைக்கு முதல் சேவகர் பேச எழுந்தார்.

"இந்த மனிதர் மூன்று நாட்கள் என் அறை வாசலில் உட்கார்ந்திருந்தார்" என்று ஆரம்பித்தார். உட்கார்ந்தது ஒரு நாள்தான். "ஒரு முறையாவது கதவைத் தட்டினாரா? தட்டவில்லை. நான் உள்ளேதான் இருந்தேன். கதவைத் திறந்திருந்தால் அவர் பிரச்சினை தீர்ந்திருக்கும், அவர் பொறுமை வளர்ந்திருக்குமா? ஊழியரின் பிரச்சினையைத் தீர்ப்பவன் அதிகாரி. ஊழியரைப் பிரச்சினையோடு வளரவிடுபவன்தான் தலைவன்."

ஓரத்து அம்மாள் கையைத் தூக்கினார். மண்டபம் தட்டியது.

"எனக்கும் இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. நானும் ஒன்றைத் தந்திருக்கலாம். ஆனால் தலைவன் கொடுத்தால் அது வெறும் ஒரு செயல். ஊழியர் கொடுத்தால் அது நிறுவனத்தின் பண்பாடு. ஆகவே என் ஆசையை நான் அடக்கிக்கொண்டேன்."

மறுபடி தட்டினார்கள். மணி ஒன்பது ஐம்பது. தராசுக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மேடைக்குக் கூப்பிட்டதும் இரண்டு இரண்டு படியாக ஏறினார். காகிதத்துக்காகக் கையை நீட்டினார். உள்ளேயிருந்து இரண்டு பேர் ஆறடி அகலமும் நான்கடி உயரமுமான ஒரு அட்டைப் பலகையைத் தூக்கி வந்தார்கள். 'அன்புள்ள தராசு, ஆறு வாரம் எங்கள் இதயத்தில் ஓய்வெடுங்கள்' என்று எழுதியிருந்தது. கையெழுத்து அதிகாரத்தின் அடையாளம் என்பதால், கீழே முதல் சேவகர் தன் உள்ளங்கையைச் சிவப்பு மையில் நனைத்துப் பதித்திருந்தார்.

சிறியதாக ஏதாவது காகிதம் இருக்கிறதா என்று தராசு மெதுவாகக் கேட்டார். அன்பை எப்படிச் சிறியதாகத் தருவது என்று சேவகர் ஒலிபெருக்கியிலேயே கேட்டார். சரி, ஆறு வாரம் என்று இருக்கிறது, ஓய்வு என்றும் இருக்கிறது, எப்படியோ ஒப்பேற்றிக்கொள்ளலாம் என்று தராசு பலகையை வாங்கி இடுக்கிக்கொண்டு திரும்பினார். அப்போதுதான் இன்னொரு இன்ப அதிர்ச்சி இருக்கிறது என்று அறிவித்தார்கள்.

மேடையின் மறுபக்கத்திலிருந்து சக்கர நாற்காலியில் தங்கையைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

ஆஸ்பத்திரி உடையில் இருந்தாள். கையில் ஊசிக்குழாய் ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் பேசி, அரை மணி நேரத்தில் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறோம் என்று வாங்கி, ஆம்புலன்ஸ் அனுப்பிக் கூட்டி வந்திருக்கிறார்கள். நீ கூப்பிட்டதாகச் சொன்னாங்களே என்று அவள் கண்ணாலேயே அண்ணனைக் கேட்டாள். தராசு பலகையோடு அவளை நோக்கி ஓடினார். அவர் அவளிடம் போய்ச் சேருவதற்குள் சக்கரம் வைத்த மேஜையில் ஒரு கேக் வந்தது, சிறுநீரக வடிவத்தில். முதல் சேவகர் ஒரு பெரிய துண்டை வெட்டி எடுத்து, அவள் வாய்க்கு நேராக நீட்டினார். எழுநூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஆறு போட்டோக்காரர்கள் முன்னால் மண்டியிட, அவள் இரண்டு உதட்டையும் இறுக்கி மூடிக்கொண்டு தலையைப் பின்னால் சாய்த்தாள். கூச்சப்படுகிறார் என்று சொல்லிச் சிரித்தபடி சேவகர் இன்னொரு கையால் அவள் தாடையைப் பிடித்தார்.

"வேண்டாம்" என்று கத்தினார் தராசு.

ஒலிபெருக்கி அதை வாங்கி மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது. ஒரு வருடமாக அந்தச் சொல்லை யாரும் அங்கே இவ்வளவு உரக்கக் கேட்டதில்லை. சேவகரின் கை அந்தரத்தில் நின்றது. தராசு பாய்ந்து அந்தக் கையைத் தட்டிவிட்டார். கேக் சேவகரின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. "சாப்பிட்டா ஆபரேஷன் கிடையாதுய்யா. அவ செத்துருவா. உங்களுக்கெல்லாம் எத்தனை தடவை சொல்றது? முடியாது, இனிமே ஒரு நிமிஷம்கூட முடியாது" என்றார். அழுதுகொண்டே சொன்னார். பலகையைத் தங்கையின் மடியில் குறுக்காகப் போட்டு, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சரிவுப் பாதை வழியாக இறங்கினார்.

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஓரத்தில் நின்ற அம்மாள் பதற்றத்தில் கையைத் தூக்கிவிட்டார். அவ்வளவுதான், எழுநூறு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தட்டுகிறவர்கள் நடைபாதைக்கும் வந்துவிட்டார்கள். சிலர் கட்டிப்பிடிக்கக் கையை விரித்தார்கள். அந்தப் பாராட்டை இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே வருவதற்குள் மணி பத்தடித்துவிட்டது. ஆம்புலன்ஸ் நின்றது, டிரைவர் மண்டபத்துக்குள் கைதட்டிக்கொண்டிருந்தார்.

தராசு தள்ளிக்கொண்டே ஓடினார். காரில் போனால் பத்து நிமிடம், காலால் நடந்தால் எவ்வளவோ. சந்திப்பில் ஆறடிப் பலகை பாதித் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. ஹார்ன் அடித்தார்கள், வைதார்கள். எதிர்க்காற்று அடித்தால் நாற்காலி நின்றது, பின்காற்று அடித்தால் அவரை விட்டு ஓடப் பார்த்தது. தங்கை பலகையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள்.

"தூக்கிப் போட்டுடேன் இதை" என்று மூச்சு வாங்கச் சொன்னாள்.

"அதுதான்டி காகிதம்."

"நமக்கு நேரமாயிடுச்சாண்ணா?"

அவர் குனிந்து தள்ளினார். 

பத்தே முக்காலுக்கு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார்கள். தாழ்வாரத்தின் நடுவில் இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சர்ஜன் அம்மா நின்றிருந்தார். "அறிவிருக்காய்யா உனக்கு? நோயாளியை ஊர்வலம் கூட்டிட்டுப் போறீங்களா? இவளை வெளிய விட்டது எந்த மடையன்? அவனை நான் அப்புறம் பாத்துக்கறேன்" என்று கட்டடமே அதிரக் கத்தினார். ஐந்து நிமிடம் நிறுத்தவே இல்லை. கத்திக்கொண்டே தங்கையின் நாடியைப் பிடித்தார், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், எதுவும் சாப்பிட்டாயா என்று மூன்று தடவை கேட்டார். பலகையைப் படித்துவிட்டு, "இது யாரோட கை?" என்றார். தராசு சொன்னார். அந்தம்மா கட்டுத்துணி வெட்டுகிற கத்தரிக்கோலை வாங்கி, 'ஆறு வாரம்' என்பதை ஒரு துண்டாகவும் 'ஓய்வெடுங்கள்' என்பதை ஒரு துண்டாகவும் வெட்டி ஃபைலில் வைத்துப் பின் அடித்தார். மிச்சத்தைக் குப்பையில் போடச் சொன்னார். தியேட்டருக்குள் கொண்டுபோயிருந்த வேறு நோயாளியை மத்தியானத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, அதற்கும் தராசையே திட்டினார். வசவு வாங்கிக்கொண்டு ஒரு மனிதன் அப்படி நிம்மதியாகப் படுக்கையில் ஏறியதை அந்த ஆஸ்பத்திரி அதுவரை பார்த்ததில்லை.

ஆபரேஷன் முடிந்தது. ஆனால் தங்கைக்கு வைத்த சிறுநீரகம் வேலை செய்ய ஆரம்பிக்கவில்லை. முதல் நாள் சிறுநீர் சேரும் பை காலியாகவே தொங்கியது. இரண்டாம் நாளும் அப்படியே. சில சமயம் தாமதமாகும், சில சமயம் வராமலே போகும் என்று சர்ஜன் அம்மா வழக்கம்போல உள்ளதைச் சொன்னார். தராசு வயிற்றில் தையலோடு மல்லாந்து படுத்துக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அந்த மேடையில் போன அரை மணி நேரம்தான் காரணமோ, மண்டபத்திலிருந்து நாற்காலியை இன்னும் கொஞ்சம் வேகமாகத் தள்ளியிருக்கலாமோ என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் காலை நிறுவனத்திலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். உடன்நடப்பவரும் நலச்செவி அம்மாளும் முன்னால் நின்றார்கள். கட்டிலைச் சுற்றி வட்டமாகக் கைகோத்துக்கொண்டார்கள். அன்றைக்கு அவர் பேசிய சொற்களால் நிறுவனம் ஆழமாகக் காயப்பட்டிருக்கிறது என்று நலச்செவி அம்மாள் கண்ணீரோடு சொன்னார். ஆனாலும் யாருக்கும் கோபம் கிடையாதாம். தராசு எங்கே மலர முடியுமோ அங்கே மலரட்டும் என்று அவரை நிறுவனம் அன்போடு விடுவிக்கிறதாம். உறையை நீட்டினார். சின்னக் காகிதம், கீழே முதல் சேவகரின் கையெழுத்து, முத்திரை, தேதி எல்லாம் முறையாக இருந்தன. மூன்றே நாளில் தயாராகியிருந்தது. உடன்நடப்பவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு தரையைப் பார்த்தார். இப்போது தாங்கள் எப்படி உணர்கிறீர்கள், பகிர்ந்துகொள்ளுங்கள் என்று நலச்செவி அம்மாள் கேட்டார்.

தராசு வாயைத் திறப்பதற்குள் வாசலில் நர்ஸ் வந்து நின்றாள். ஓடி வந்ததில் அவளுக்கு மூச்சு இரைத்தது.

"அண்ணே, உங்க தங்கச்சிக்கு மூத்திரம் வந்துடுச்சு. விடியக்காலையில இருந்து கொட்டுது. ரெண்டு பை மாத்தியாச்சு."

வட்டத்தில் இருந்தவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டார்கள். இந்த நேரத்தில் இன்னும் மென்மையான ஒரு சொல்லைப் பயன்படுத்தலாமே என்று நலச்செவி அம்மாள் நர்ஸிடம் கனிவாகச் சொன்னார். தராசுக்கு எதுவும் காதில் விழவில்லை. மூத்திரம், மூத்திரம் என்று அவரே இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். சிரிப்பு வந்தது. தையல் இழுத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஒரு காலைக் கட்டிலிலிருந்து இறக்கினார். கோத்த கையோடு ஐந்து பேரும் அப்படியே நின்றார்கள், வழி விட வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

"தள்ளுங்க" என்றாள் நர்ஸ்.

தள்ளி நின்றார்கள். தராசு ஒரு கையால் வயிற்றையும் மறு கையால் நர்ஸின் தோளையும் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் அடி அடியாக நடந்தார். உறை கட்டில் மேலேயே கிடந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கை கண்ணைத் திறந்து படுத்திருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் கட்டிலோரத்தில் தொங்கிய பையை விரலால் சுட்டிக் காட்டினாள்.